தண்ணீர் முந்திக்கொண்டால்

லண்டனில் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு ஸ்ப்ரே லைனர் அடிக்க வேண்டும் என்று விசாரித்தால் இரண்டு விதமான விலை காதில் விழும். ஒரு பெட்டி வாங்கி நாமே அடித்துக்கொண்டால் நூறு பவுண்டை ஒட்டிய செலவு. பட்டறையில் விட்டால் அதைப்போலப் பல மடங்கு. அடித்து முடித்த பிறகு பார்த்தால் இரண்டும் கறுப்பு, இரண்டும் சொரசொரப்பு. பிறகு ஏன் இந்த விலை வித்தியாசம் என்று கேட்டால், "அது பாலியூரியா, இது யூரித்தேன்" என்பார்கள். பதில் சரிதான். ஆனால் இரண்டிலும் வேலை செய்வது ஒரே வேதிக்கூட்டம். அது முதலில் யாரைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூச்சின் ஆயுளும், அதன் விலையும், அடிப்பவரின் மூச்சும் இருக்கின்றன.

லண்டன் தமிழர்களின் சரக்கு வண்டி பெரும்பாலும் வேன்தான். விடியுமுன் லெய்ட்டனிலுள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்குப் போய்வரும் கடைக்காரர், முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் திறந்த தொட்டியில் போட்டு மழையில் நனையவிட மாட்டார். ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளை அதிகம் பார்ப்பது கட்டட வேலைக்காரர்கள், சாரம் கட்டுபவர்கள், மரம் வெட்டுபவர்கள் நடுவில். செங்கல், சாரக்குழாய், ஈரக் கலவை, மண்வெட்டி எல்லாம் தொட்டிக்குள் விழும். தூக்கி வைக்கப்படுவது குறைவு. நம் ஊரில் சின்ன யானை என்று அழைக்கும் குட்டி லாரிக்கும் பொலேரோ பிக்கப்புக்கும் இதே கதிதான். லண்டனில் கூடுதலாக ஒன்று உண்டு: உப்பு. பனி உறையும் இரவுகளில் சாலையெங்கும் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயரின் வின்ஸ்ஃபோர்டில் 1844 முதல் தோண்டி எடுக்கப்படும் உப்புப் படிவம் பிரிட்டன் சாலைகளுக்கு முக்கியமான மூலம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஆகவே வெறும் மழைநீரில் மெதுவாக நடப்பது உப்புநீரில் வேகமாக நடக்கிறது. பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து துரு பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும்.

இதற்குப் பழைய தீர்வு, தொட்டியின் வடிவத்திலேயே வார்த்த பிளாஸ்டிக் தட்டு. உள்ளே இறக்கி நாலு இடத்தில் திருகினால் வேலை முடிந்தது. செங்கல் விழுந்தால் தாங்கும். ஆனால் தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் மணலும் உப்புநீரும் புகுந்துகொள்ளும். வண்டி அதிர அதிரத் தட்டே உப்புத்தாளாக மாறிப் பெயிண்டைத் தேய்க்கும். புகுந்த ஈரம் காயவும் வழியில்லை. சில வருடம் கழித்துத் தட்டைக் கழற்றிப் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஸ்ப்ரே லைனரின் நியாயம் இந்த இடைவெளியை ஒழிப்பதில்தான் இருக்கிறது. தகரத்தோடு ஒட்டியிருக்கும்வரை அது காப்பு. ஓர் ஓரம் விட்டுப்போனால் அதுவும் ஒரு பிளாஸ்டிக் தட்டுதான்.

அந்த வேதிக்கூட்டத்தின் பெயர் ஐசோசயனேட். நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் வரிசையாக இரட்டைப் பிணைப்பில் இறுகிய ஒரு சிறு தொகுதி. நடுவிலிருக்கும் கார்பனிடமிருந்து இரு பக்கத்து அணுக்களும் எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்வதால், கார்பன் எப்போதும் பற்றாக்குறையில் தவிக்கிறது. எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் தொகுதி கொண்ட பாலியால் வந்தால் யூரித்தேன் உண்டாகும். அமீன் வந்தால் யூரியா பிணைப்பு. தண்ணீர் வந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழிடும். மிஞ்சியது அமீனாக மாறி, அடுத்த ஐசோசயனேட்டைப் போய்ப் பிடிக்கும். சோபா மெத்தைக்குள் இருக்கும் நுரைப் பஞ்சு இந்தக் குமிழ்களால்தான் பஞ்சானது. மெத்தையில் வரமாக இருப்பது பூச்சில் சாபம்: ஊசிமுனைத் துளைகள், கொப்புளம், ஒட்டாமை.

இந்த வேதியியலின் பூர்வீகத்தில் லண்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1845-இல் இங்கே ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரி தொடங்கியபோது அதை நடத்த ஜெர்மனியிலிருந்து ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் வந்தார். தாரிலிருந்து கிடைக்கும் அனிலீன்தான் அவருடைய வாழ்நாள் மோகம். ஐசோசயனேட்டுகளை முதலில் செய்தவர் பிரான்சின் வூர்ட்ஸ் என்றால், அனிலீன் வழி ஐசோசயனேட்டை அடுத்து வெளிக்கொணர்ந்தவர் ஹாஃப்மன். அவருடைய மாணவன் வில்லியம் பெர்கின், 18 வயதில், 1856 ஈஸ்டர் விடுமுறையில் கிழக்கு லண்டன் கேபிள் தெரு வீட்டில் கொய்னா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். மறு வருடமே கிரீன்ஃபோர்டில் சாய ஆலை. இன்று ஹேரோ, வெம்பிளித் தமிழர்கள் அன்றாடம் கடந்துபோகும் இடம்தான் அது. அந்த அனிலீன் இப்போது சாயத்துக்கு அதிகம் போவதில்லை. உலகில் உற்பத்தியாகும் அனிலீனில் மிகப் பெரிய பங்கு எம்டிஐ எனப்படும் இரட்டை ஐசோசயனேட்டைச் செய்யவே செலவாகிறது. ஒரு மூலக்கூறில் இரண்டு ஐசோசயனேட் கைகள் இருந்தால் சங்கிலி கோக்கலாம் என்பதை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் காட்டினார். அமீனோடு வினைபுரியும் பாலியூரியா பூச்சு வந்தது 1980-களில். அமெரிக்காவின் டெக்சாகோ நிறுவனம் செய்த நீள்சங்கிலி அமீன்கள் அதற்கு வழிவகுத்தன.

கோத்த சங்கிலி எப்படி அடி தாங்குகிறது? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் விறைப்பு, கயிறு தொய்வு. இரண்டும் சேர்ந்தால்தான் படுக்கமுடியும். பாலியூரியா சங்கிலியில் நீளமான, வளைந்து கொடுக்கும் ஈதர் பகுதிகள் கயிறு. யூரியா பிணைப்புகள் பக்கத்துச் சங்கிலியின் யூரியாவோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கொண்டு சட்டமாகின்றன. செங்கல் விழுந்தால் கயிறு நீள்கிறது. சட்டம் திரும்ப இழுக்கிறது. நல்ல பூச்சு தன் நீளத்தைப்போல மூன்று நாலு மடங்குகூட இழுபடும். சாதாரண கார் பெயிண்டுக்கு அந்தக் கயிறு கிடையாது; அதனால் அது சில்லு சில்லாகப் பெயர்கிறது.

இனி அந்த இரண்டு விலைக்கு வருவோம். பெட்டியில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக் யூரித்தேன். லண்டனில் இதைப் பேசினால் ராப்டர் என்ற பெயர் வராமல் போகாது. அதைச் செய்யும் யூ-போல் பிரிட்டிஷ் நிறுவனம், 1948-இல் தொடங்கியது, நம் டிங்கரிங் பட்டறைகளில் பட்டி என்று சொல்வோமே, அந்தச் சாமான் வகைகளால் பெயர் பெற்றது. 2021-இல் அமெரிக்காவின் அக்சால்டா அதை வாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் நாலு புட்டிகள். ஒவ்வொன்றிலும் 750 மில்லி பூச்சு, மேலே வெற்றிடம். 250 மில்லி கடினமாக்கியைக் கோடுவரை ஊற்றி, இரண்டு நிமிடம் குலுக்கி, புட்டியையே துப்பாக்கியில் திருகி அடிக்கவேண்டியது. மூன்றுக்கு ஒன்று என்ற கலவை விகிதத்தைத் தப்பாக்க முடியாதபடி புட்டியிலேயே கட்டிப்போட்டிருப்பது நல்ல பொறியியல். பாலியாலும் ஐசோசயனேட்டும் மெதுவாகச் சேரும் என்பதால் அடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் துளி பெரிதாகி சொரசொரப்பு கூடும், கூட்டினால் நயமாகும்.

பட்டறையின் பாலியூரியாவுக்கு இந்த அவகாசம் கிடையாது. இரண்டு திரவமும் கலந்த சில நொடிகளில் கெட்டியாகிவிடும். அதனால் புட்டியில் கலக்கவே முடியாது. தனித்தனிக் குழாயில் 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளி, துப்பாக்கி முனையில் ஒன்றோடொன்று மோதவைத்துக் கலக்கிறார்கள். விலை இந்த இயந்திரத்துக்கும் அதை இயக்கத் தெரிந்த கைக்கும்தான். ஓரம் வெட்டுவதற்குக்கூட தனி டேப் இருக்கிறது: உள்ளே மெல்லிய கம்பி ஓடும். பூச்சு இறுகிமுடிப்பதற்குள் கம்பியை இழுத்தால் கோடு போட்டதுபோல் அறுபடும்.

தடிமன் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இரட்டை கேபின் வண்டியின் தொட்டி சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், அதே அளவு அகலம், அரை மீட்டர் ஆழம். அடியும் சுவரும் சேர்ந்து ஐந்தேகால் சதுர மீட்டர் அளவில் வரும். நாலு லிட்டர் பெட்டியை அதன்மேல் பரப்பினால், கரைப்பான் ஆவியான பிறகு நிற்பது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பாலியூரியாவில் கரைப்பானே இல்லாமல் மூன்று மில்லிமீட்டர் அடிக்கலாம். பதினாறு லிட்டரை ஒட்டிய பொருள், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கிலோ. ஒன்று நல்ல சட்டை, மற்றது தோல். வாரம் ஒருமுறை தோட்டக் குப்பை ஏற்றுபவருக்குச் சட்டை போதும். சாரக்குழாய் ஏற்றுபவர் பெட்டி வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

நிறம் பற்றிச் சுருக்கமாக. எம்டிஐ போன்ற நறுமண வகை ஐசோசயனேட்டில் செய்த பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளடித்து, மேல்பரப்பு மாவாகி, கறுப்பு சாம்பலாகும். வலிமை பெரிதாகக் குறையாது. பெட்டிப் பூச்சுகளின் கடினமாக்கியில் பொதுவாக இருக்கும் எச்டிஐ வகைக்கு அந்த நோய் இல்லை. லண்டன் வெயிலுக்கு இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். மதுரையில் என்றால் யோசிக்கலாம்.

லண்டனில் யோசிக்கவேண்டியது குளிரையும் ஈரத்தையும். சென்னைக் காற்று 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீராவி இருக்கும். லண்டன் நவம்பரில் 10 பாகை, 90 சதவீதம் என்றால் எட்டரை கிராம்தான். தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் லண்டன்தானே நல்லது? இல்லை. பூச்சைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி காற்றிலுள்ள நீராவியைவிடத் தகரத்தின் மேல் படியும் நீர். சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 பாகை. தகரம் நாலு பாகை குளிர்ந்தால்தான் வியர்க்கும், பகலில் அது நடக்காது. அந்த லண்டன் காற்றின் பனிநிலை 8.4 பாகை. தகரம் வெறும் ஒன்றரை பாகை குளிர்ந்தாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் கனத்த இரும்பு காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருப்பது வழக்கம். தகரம் பனிநிலைக்குக் குறைந்தது மூன்று பாகை மேலே இருக்கவேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. அந்த நவம்பர் காற்றில் சூடேற்றாமல் அது நிறைவேறாது. போதாக்குறைக்கு, 20 பாகையில் நடக்கும் வினை 10 பாகையில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நடக்கும். பாலியால் சோம்பி நிற்க, தண்ணீர் முந்திக்கொள்கிறது. அமீன் இந்தப் போட்டியில் தண்ணீரை எளிதாகத் தோற்கடிக்கும். பாலியூரியா ஈர நாட்டுக்குப் பொருந்துவது அதனால்தான். ஆனாலும் தகரத்தின் மேல் ஏற்கெனவே படிந்த நீரை அதாலும் விரட்டமுடியாது.

குளிருக்குக் கேஸ் ஹீட்டரைக் கராஜுக்குள் ஏற்றிவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வெளியே வரும். மூடிய கராஜில் அது நேராகப் போய் உட்காரும் இடம் குளிர்ந்த தகரம். கரைப்பான் ஆவி நிறைந்த அறையில் நெருப்பு எரிவது அதைவிடப் பெரிய விஷயம்.

அடிப்பது அரை மணி வேலை. அதற்கு முந்தியது ஒரு நாள் வேலை. கொக்கிகள், வளையங்கள், பின்கதவின் உறை எல்லாவற்றையும் கழற்றவேண்டும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிட்டு அதன் பிறகுதான் தேய்க்கவேண்டும். வரிசை மாறினால், உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள்ளேயே பிசுக்கு போய் ஒளிந்துகொள்ளும். துரு இருந்தால் பளபளக்கும் இரும்புவரை எடுத்து பிரைமர். நல்ல பெயிண்ட் இருந்தால் அதை எடுக்கத் தேவையில்லை. 180 எண்ணை ஒட்டிய உப்புத்தாளால் மினுமினுப்பு முழுக்கப் போகத் தேய்த்தால் போதும். எங்காவது பளபளப்பு மிஞ்சியிருந்தால் அங்கிருந்துதான் உரியும், பெரும்பாலும் மூலைகளில், கை போகாத மடிப்புகளில். டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் ஒரு துளி பட்டால் பூச்சு அங்கே வட்டவட்டமாக விலகி நிற்கும். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டு, அடித்ததும் மறக்காமல் திறக்கவேண்டும். மறந்தால் தொட்டி குளமாகும், இந்த ஊர் மழைக்கு நிறைய நாள் ஆகாது.

இதுவரை ஐசோசயனேட் பிடித்துக்கொண்டவர்கள் பாலியால், அமீன், தண்ணீர். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். நம் நுரையீரலின் புரதங்களிலும் அமீன் தொகுதிகள் உண்டு.

ஐசோசயனேட் என்றதும் போபால் நினைவுக்கு வருவது இயல்பு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியில் இருந்த சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மெத்தையில் குமிழிடும் அதே வினை. வெப்பமும் வாயுவும் பெருகி, திரவம் கொதித்து ஊர்மேல் பரவியது. மெத்தில் ஐசோசயனேட் 39 பாகையில் கொதித்துவிடும் சிறு மூலக்கூறு. லைனரில் இருக்கும் எம்டிஐ ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான் உருகவே தொடங்கும் கனத்த பொருள். தானாக ஆவியாகி ஊரைச் சூழாது. ஆபத்து வேறு வழியில் வருகிறது. துப்பாக்கி அதைத் தூசியைவிட நுண்ணிய பனிப்புகையாக உடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் எச்சரிக்காது. நுரையீரலின் ஆழம்வரை போகும். சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி அதைப் பகையாகக் குறித்துக்கொள்கிறது. குறித்துக்கொண்ட பிறகு மிகக் குறைந்த அளவே இளைப்பைக் கிளப்பிவிடும்; அந்தத் தொழிலையே விடவேண்டி வரும்.

பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று ஐசோசயனேட் கலந்த ஸ்ப்ரே பெயிண்ட். வாகனப் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற தொழிலாளர்களைவிட ஏறத்தாழ 80 மடங்கு என்பது பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ.யின் கணக்கு. அது வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.02 மில்லிகிராம். பட்டறையில் காற்றிழுக்கும் அறை, வெளியிலிருந்து குழாய்வழி காற்று வரும் முகக்கவசம், வேலை முடிந்ததும் சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் அதற்காகத்தான். அடித்து முடித்ததும் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முகக்கண்ணாடியைத் தூக்குவதுதான் பழகிய பெயிண்டரும் செய்யும் தவறு. புகை தெளியப் பல நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் அடிப்பவரை எந்த ஆய்வாளரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ வரிசை வீட்டின் முன்னால் அடித்தால் புகை போகும் அடுத்த இடம் பக்கத்து வீட்டு ஜன்னல். கடையில் விற்கும் தூசி முகமூடி இதற்கு உதவாது. குழாய்க் காற்றுக் கவசமும் காற்றோட்டமும் இல்லாதவர் இந்தப் பூச்சை உருளையால் உருட்டுவதே மேல். சொரசொரப்பின் அழகு கொஞ்சம் குறையும், பனிப்புகையும் வெகுவாகக் குறையும். கையுறையும் திறந்த கதவும் அப்போதும் வேண்டும்.

செலவு செய்யுமுன் வண்டியின் வயதையும் பார்க்கவேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் யூலெஸ் என்ற குறைபுகை மண்டலத்துக்குள் வந்துவிட்டன. யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் பிக்கப் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டவேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பாலியூரியா போடுவதற்குக் காரணம் பாசமாக மட்டுமே இருக்கமுடியும்.

மேலே தொட்டால் ஒட்டாது என்பது பூச்சு முடிந்ததற்கு அடையாளமல்ல. யூரித்தேனில் உள்ளே கைகோக்காத ஐசோசயனேட்டுகள் பல நாள் மிஞ்சியிருக்கும். லேசான சுமைக்கு இரண்டு மூன்று நாள், கனத்த சுமைக்கு ஒரு வாரம் விடுவது வழக்கம், குளிரில் இன்னும் கூட. முதல் குளிர்காலம் கழிந்ததும் பின்கதவின் விளிம்பையும் மூலைகளையும் நகத்தால் நெம்பிப் பார்க்கலாம். எங்காவது எழும்பினால் அதை அமுக்கி ஒட்டவைக்கப் பார்ப்பதில் பயனில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் இடம்வரை கத்தியால் வெட்டியெடுத்து, துருவை நீக்கி, சுற்றியுள்ள பழைய பூச்சையும் நன்றாகச் சொரசொரப்பாக்கி, அதன் பிறகே புதிதாக அடிக்கவேண்டும். ஒரு வருடமான பூச்சில் கை நீட்ட ஐசோசயனேட் எதுவும் மிஞ்சியிருக்காது. புதிய பூச்சு அதன்மேல் வெறும் கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும்.